வேர் மேல்நோக்கி வளரும் ஊர்: காரங்காட்டுச் சேறு சொல்லும் விண்வெளிப் பாடம்!

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் தேவிபட்டினம் வரும். அதைத் தாண்டி திருப்பாலைக்குடி, உப்பூர். தொண்டிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே கடலோரமாகத் திரும்புகிறது காரங்காட்டுக்கான சாலை. மாதா கோயிலும் மீனவர் வீடுகளும் காயப்போட்ட வலைகளுமாக, பார்த்தவுடன் பாக் விரிகுடாக் கரையின் இன்னொரு கிராமம் என்றுதான் தோன்றும்.

ஊரைத் தாண்டி முகத்துவாரத்துக்குப் போனால்தான் காரங்காட்டின் உண்மையான முகம் தெரியும். கண்ணுக்கு எட்டும் தூரம் வரை அலையாத்திக் காடு. அதற்கு நடுவே வாய்க்கால் போல ஓடும் உப்புத் தண்ணீர். வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலாப் படகில் ஏறி, உயிர்காக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் மரங்கள் நெருங்கி வந்துவிடும். கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் படகைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கும்.

ராமேஸ்வரம் பக்கம் பாக் விரிகுடாவை 'பெண் கடல்' என்றும், மன்னார் வளைகுடாவை 'ஆண் கடல்' என்றும் சொல்வது வழக்கம். பெண் கடல் பெரிதாக ஆர்ப்பரிக்காது. அந்த அமைதியில்தான் சேறு படிகிறது. சேறு படிந்த இடத்தில்தான் அலையாத்தி வேர் பிடிக்கிறது.

தண்ணீர் வற்றும் நேரத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு காட்சி கிடைக்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக, ஆயிரக்கணக்கில் ஏதோ மேல்நோக்கிக் குத்திட்டு நிற்கும். "அண்ணே, இதெல்லாம் முள்ளா?" என்று படகில் வரும் பிள்ளைகள் கேட்பார்கள். முள் அல்ல, வேர்!

வேர் என்றால் கீழேதானே போக வேண்டும்? பூமியிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் விஞ்ஞானிகள் செலவு பார்க்காமல் ஆராயும் விஷயங்களில் ஒன்றுக்கு, இந்தச் சேற்றில் நிற்கும் வேர் ஒரு நல்ல தொடக்கம்.

மூச்சு வாங்க வெளியே வரும் வேர்

காரங்காட்டில் அதிகம் தென்படுவது 'அவிசீனியா மரீனா' என்ற அலையாத்தி. தமிழில் வெண்கண்டல். இதன் முக்கிய வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை. சேற்றுக்குள் பக்கவாட்டில் கயிறு போலப் படர்கின்றன.

காரணம் எளிமையானது. சேற்றில் காற்று கிடையாது. மண் துகள்களுக்கு நடுவே இருக்க வேண்டிய காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. வேருக்கும் ஆக்ஸிஜன் தேவை. ஒரு தொட்டிச் செடிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றினால் சில நாளில் அழுகிப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். தண்ணீர் செடியைக் கொல்வதில்லை. வேர் மூச்சுத் திணறிச் சாகிறது.

அலையாத்தி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. படர்ந்த வேரிலிருந்து கிளை வேர்களை நேராக மேலே அனுப்புகிறது. அவற்றின் தோலில் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றும்போது அந்தத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போய், பஞ்சு போன்ற திசுக்கள் வழியாக அடியில் இருக்கும் வேர் வரை போய்ச் சேருகிறது. இவற்றுக்குத் தமிழில் 'சுவாச வேர்கள்' என்று பெயர். இலையைத் திருப்பிப் பார்த்தால் உப்புப் பொடி ஒட்டியிருக்கும். உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

கீழ் எது என்று வேருக்கு யார் சொன்னது?

ஒரு பயறை எப்படிப் போட்டாலும், தலைகீழாகப் போட்டாலும், வேர் கீழேதான் போகிறது. இருட்டுக்குள் மண்ணில் கிடக்கும் விதைக்குத் திசை எப்படித் தெரிகிறது?

வேரின் நுனியில் தொப்பி போல ஒரு பகுதி இருக்கிறது. அதில் உள்ள செல்களுக்குள் கனமான மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. சாம்பாரில் பருப்பு அடியில் தங்குவது போல, ஈர்ப்பு விசையால் இந்த மணிகள் செல்லின் அடிப்பக்கத்தில் போய்ப் படிகின்றன. மணி எங்கே படிகிறதோ அதுதான் 'கீழே'. வேர் படுக்கைவாட்டில் சாய்ந்தால் மணிகளும் உருண்டு இடம் மாறும். உடனே 'ஆக்ஸின்' என்ற வளர்ச்சி ஹார்மோன் அடிப்பக்கமாகச் சேரும். அந்தப் பக்கத்தின் வளர்ச்சி மட்டுப்பட, வேர் கீழ்நோக்கி வளைந்துவிடும்.

சாதாரண வேர் ஈர்ப்பு விசையின் பின்னால் போகிறது. காரங்காட்டின் சுவாச வேர் அதற்கு நேர் எதிராகப் போகிறது. இரண்டும் திசை பார்ப்பது ஒரே விசையை வைத்துத்தான். அந்த விசையே இல்லாமல் போனால்?

400 கி.மீ. மேலே...

சர்வதேச விண்வெளி நிலையம் பூமியிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. காரங்காட்டிலிருந்து சென்னைக்கு வானில் நேர்க்கோடு போட்டால் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம்தான் வரும்.

அவ்வளவு உயரத்தில் ஈர்ப்பு விசையே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவிகித ஈர்ப்பு அங்கேயும் இருக்கிறது. ஆனால், நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில் போகிறது. பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த வேகத்தில் முன்னே போவதால் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றி வருகிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் பொருட்களும் சேர்ந்தே விழுவதால் எதற்கும் எடை தெரிவதில்லை. கயிறு அறுந்த ராட்டினத் தொட்டிலில் இருப்பவருக்கு அந்த ஒரு நொடி எப்படி இருக்குமோ, அது அங்கே மாதக்கணக்கில் நீடிக்கிறது. இந்த நிலையைத்தான் 'மைக்ரோ கிராவிட்டி' என்கிறார்கள்.

அங்கே பருப்பு அடியில் தங்காது. மாவுச்சத்து மணிகளும் படியாது. மேலே, கீழே என்ற பேச்சுக்கே இடமில்லை. பூமியில் உயிர் தோன்றிய நாளிலிருந்து ஒரு நொடிகூட நிற்காத விசை அது. அதை நிறுத்தி வைத்து, 'உயிர் இப்போது என்ன செய்கிறது?' என்று பார்க்க இப்படி ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

விண்வெளிக்குப் போன காராமணி

இந்தியா இந்த ஆராய்ச்சியில் நேற்று இறங்கவில்லை. 2007 ஜனவரி 10-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய 'எஸ்.ஆர்.இ-1' என்ற கலம், 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வங்கக் கடலில் இறங்கியது. அதற்குள் மைக்ரோ கிராவிட்டியில் பொருட்கள் எப்படிப் படிகமாகின்றன என்று பார்க்கும் சோதனைகள் நடந்தன.

2024 டிசம்பர் 30-ல் பி.எஸ்.எல்.வி-சி60 ராக்கெட்டில் போனவை 8 காராமணி விதைகள். ராக்கெட்டின் கடைசி அடுக்கையே ஆய்வு மேடையாக்கும் இஸ்ரோவின் திட்டத்தில், மூடிய சிறு பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். 4 நாளில் முளை விட்டன. அடுத்த சில நாளில் இலையும் எட்டிப் பார்த்தது.

அதற்கடுத்து மனிதரே போனார். 2025 ஜூன் 25-ல் ஆக்ஸியம்-4 திட்டத்தில் கிளம்பிய இந்திய விமானப்படையின் சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்ற முதல் இந்தியர். ஜூலை 15-ல் பூமி திரும்பினார். அவர் கையில் 7 இந்திய ஆய்வுகள் இருந்தன. அவற்றில் ஒன்று, நம் வீட்டு அடுப்படியிலேயே நடப்பது. பச்சைப் பயறையும் வெந்தயத்தையும் முளைகட்டுவது! தார்வாடு வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாடு ஐ.ஐ.டி-யும் சேர்ந்து செய்த ஆய்வு இது. விண்வெளியில் முளைத்த பயறின் சத்து மாறுகிறதா, அதில் வளரும் நுண்ணுயிர்கள் மாறுகின்றனவா என்று பார்ப்பது நோக்கம்.

முளை விடுவதோடு கதை முடிவதில்லை. விண்வெளி விவசாயத்தின் பெரிய தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தரையில் தண்ணீர் ஊற்றினால் கீழே வடியும். அதன் இடத்தில் காற்று வரும். மேலே தண்ணீர் வடியாது. குமிழியும் மேலே ஏறாது. ஊற்றிய தண்ணீர் வேரைச் சுற்றி ஜெல்லி போல ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். காற்று கிடைக்காமல் வேர் திணறும்.

ஆம், காரங்காட்டு அலையாத்தி சந்தித்த அதே பிரச்னை. இங்கே சேறு மூச்சை அடைக்கிறது, அங்கே தண்ணீர்த் திரை மூச்சை அடைக்கிறது. நாசா விஞ்ஞானிகள் சுட்ட களிமண் துகள்களை நிரப்பிய சின்னத் தலையணைகளுக்குள் விதையை வைத்து, தண்ணீரும் காற்றும் சேர்ந்து கிடைக்கும்படி செய்தார்கள். 2015 ஆகஸ்டில் விண்வெளி வீரர்கள் அப்படி வளர்ந்த சிவப்பு லெட்டூஸ் கீரையைச் சாப்பிட்டார்கள். இன்றும் வேருக்குத் தண்ணீரும் காற்றும் சரியான அளவில் கொடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சி ஓயவில்லை. காரங்காட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு மரம் தனக்குத் தெரிந்த விடையைச் சேற்றில் நட்டு வைத்திருக்கிறது.

சேற்றின் மேல் பச்சைப் படலம்

சுவாச வேர்களைச் சுற்றியுள்ள ஈரச் சேற்றை உற்றுப் பார்த்தால் மெல்லிய பச்சைப் படலம் தெரியும். நுண்பாசிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் சேர்ந்த கூட்டம் அது. நண்டும் நத்தையும் இறால் குஞ்சும் உண்ணும் உணவுச் சங்கிலியின் அடிப்படிகளில் இதுவும் ஒன்று.

சுக்லா எடுத்துச் சென்றவற்றில் நுண்பாசிகளும் நீலப்பச்சைப் பாசிகளும் இருந்தன. நாளை நிலவுக்கோ செவ்வாய்க்கோ போகிறவர்கள் அரிசி மூட்டையையும் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் சுமந்துகொண்டே போக முடியாது. பாசி, கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்ஸிஜனைத் தருகிறது. உணவாகவும் ஆகிறது. சில வகைகள் சிறுநீரில் உள்ள யூரியாவையே உரமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே, எடையற்ற நிலையில் அவை எப்படி வளர்கின்றன என்று அறிவது அவசியமாகிறது.

பாக் விரிகுடா மீனவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கணவாயின் உறவினமும் விண்வெளி பார்த்திருக்கிறது. 2021 ஜூனில் 128 குட்டிக் கணவாய்களை அமெரிக்க விஞ்ஞானிகள் விண்வெளி நிலையத்துக்கு அனுப்பினார்கள். இந்தக் கணவாயின் உடலில் ஒளிரும் நல்ல பாக்டீரியா குடியிருக்கும். அந்த நட்பு எடையற்ற நிலையிலும் சரியாக அமைகிறதா என்பது கேள்வி. மனிதக் குடலிலும் இப்படி நல்ல பாக்டீரியாக்கள் இருப்பதால், விண்வெளி வீரர்களின் உடல்நலத்தோடு தொடர்புள்ள கேள்வி இது.

மண்டபத்தில் கிடைத்த 'கலாம்' கரடி!

அதே ராக்கெட்டில் கணவாய்களோடு இன்னொரு பயணியும் போனது. அதன் சொந்தக்காரர்கள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

'டார்டிகிரேட்' என்பது அதன் பெயர். செல்லமாக நீர்க்கரடி. எட்டுக் கால், தடித்த உடம்பு, தத்தித் தத்தி நடை. பார்த்தால் கரடிதான், ஆனால் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பாசி, மண், ஏரி, கடல்மணல் என்று உலகமெங்கும் வாழ்கின்றன.

காரங்காட்டிலிருந்து கடலோரமாகத் தெற்கே, ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் வழியில் இருக்கிறது மண்டபம். அங்கே அலை வந்து போகும் இடத்து மணலைச் சலித்துப் பார்த்த கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அதுவரை உலகம் அறியாத ஒரு நீர்க்கரடி இனத்தைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து ஊரான ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் நினைவாக, 'பாட்டிலிப்பெஸ் கலாமி' என்று பெயர் வைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. மண்டபம் மணலில் இன்னொரு புதிய இனமும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கு அருகே இறங்கிய சூடு ஆறுவதற்குள் அதற்குப் பெயரும் வந்துவிட்டது: 'பாட்டிலிப்பெஸ் சந்திரயானி'. நீளம் சுமார் 0.15 மி.மீ. உப்புக்கல்லைவிடச் சிறிய உயிர் ஒன்று நிலவுப் பயணத்தின் பெயரைச் சுமக்கிறது.

பெயர் மட்டும் விண்வெளியோடு ஒட்டவில்லை. நிலத்துப் பாசிகளில் வாழும் நீர்க்கரடிகள் தண்ணீர் இல்லாவிட்டால் காலைச் சுருக்கி, உடலின் ஈரத்தை ஏறக்குறைய முழுதும் இழந்து, மிளகு போலச் சுருண்டுவிடும். அந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் எழுந்து நடக்கும். 2007 செப்டம்பரில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் இவற்றை ஒரு ரஷ்யக் கலத்தில் வைத்து, 10 நாள் விண்வெளியின் வெற்றிடத்திலேயே திறந்து வைத்தார்கள். திரும்பி வந்தபோது பல உயிரோடு எழுந்தன. விண்வெளியில் நேரடியாகக் கிடந்து பிழைத்த முதல் விலங்கு இதுதான்.

2016-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு நீர்க்கரடி இனத்தில் டி.என்.ஏ-வைப் போர்த்திக் காக்கும் புரதம் ஒன்றைக் கண்டார்கள். அதை ஆய்வகத்தில் மனித செல்களுக்குள் வைத்தபோது, எக்ஸ்-ரே கதிர்வீச்சால் வரும் சேதம் சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. சுக்லாவின் 7 ஆய்வுகளிலும் நீர்க்கரடி ஒன்று. உறங்கிக் கிடப்பதை விண்வெளியில் எழுப்பினால் எப்படிப் பிழைக்கிறது, எப்படி முட்டையிடுகிறது என்று பார்ப்பதற்காக. கலாமியும் சந்திரயானியும் விண்வெளிக்குப் போன அந்த நிலத்து இனங்களின் கடல் உறவுகள்.

பாட்டியின் முழங்காலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

'இதற்கெல்லாம் இவ்வளவு செலவா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. எடையைத் தாங்கும் வேலை இல்லாததால் விண்வெளி வீரர்களின் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவிகிதம் வரை அடர்த்தியை இழக்கின்றன. தசையும் கரைகிறது. அதைத் தடுக்கத் தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். வயதானவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும் தேய்மானம், அங்கே இளைஞர்களுக்குச் சில மாதங்களில் நடக்கிறது. தசை செல்கள் ஏன் இப்படி ஆகின்றன என்பதைப் பெங்களூரின் 'இன்ஸ்டெம்' ஆய்வு நிறுவனத்துக்காகச் சுக்லா சோதித்தார். அதில் கிடைக்கும் தடயம் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும் மூட்டுத் தேய்ந்த முதியவர்களுக்கும் உதவக்கூடும்.

2035-க்குள் சொந்தமாக ஒரு விண்வெளி நிலையம் என்பது இந்தியாவின் இலக்கு. அங்கே போகப்போகும் ஆய்வுகளுக்கு விதை, பாசி, புழு, கரடி எல்லாம் எங்கிருந்து வரும்? தரையிலிருந்துதான். இங்கே இருக்கும் வரைதான் அங்கே கொண்டு போக முடியும்.

2021-ம் ஆண்டு இந்திய வன நிலை அறிக்கையின்படி, தமிழ்நாட்டின் மொத்த அலையாத்திக் காடு சுமார் 45 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நம் கடலோரச் சேற்றில் என்னென்ன உயிர் இருக்கிறது என்ற பட்டியலே முடியவில்லை என்பதற்கு மண்டபத்துக் கரடிகளே சாட்சி. ஒரு கைப்பிடி மணலுக்குள் இரண்டு புது இனங்கள் ஒளிந்திருந்த மாவட்டம் இது. பெயர் வைப்பதற்கு முன்பே ஓர் உயிர் காணாமல் போனால், அது போனதுகூட யாருக்கும் தெரியாது.

அந்த வகையில் காரங்காடு ஒரு நல்ல சேதி. இங்கே காடு நின்றால் படகு ஓடும், படகு ஓடினால் ஊருக்கு வருமானம் வரும். மீன்பிடிப்போடு இன்னொரு பிழைப்பும் சேர்ந்துகொள்வதால், காட்டைக் காப்பதில் ஊருக்கே ஆர்வம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் வீசும் பிளாஸ்டிக் கவர், சுவாச வேரின் மேல் போர்வையாக ஒட்டிக்கொண்டால் அந்த வேரின் மூச்சுத் துளை அடைபடும். மரத்துக்கு விண்வெளிச் செடியின் கதிதான்!

காரங்காடு போகிறீர்களா?

* ராமநாதபுரத்திலிருந்து தொண்டி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பூரைத் தாண்டி காரங்காட்டுக்குத் திரும்ப வேண்டும்.

* படகுச் சவாரியும் கயாக் துடுப்புப் படகும் உண்டு. காற்றும் நீர்மட்டமும் பார்த்துத்தான் படகு விடுவார்கள். கிளம்பும் முன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

* சுவாச வேர்களைப் பார்க்க, தண்ணீர் வற்றும் நேரமே ஏற்றது. சேற்றில் இறங்கி மிதிக்க வேண்டாம். ஒடிந்தால் ஒடிந்ததுதான்.

* வெயில் தாழ்ந்த காலை நேரத்தில் பறவைகள் அதிகம். தொப்பியும் தண்ணீரும் அவசியம். தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்து வருவது அதைவிட அவசியம்.

* குழந்தைகளோடு போகிறவர்கள் முதல் நாளே ஈரத் துணியில் கொஞ்சம் பச்சைப் பயறை முளைகட்டி வைத்துவிட்டுப் போகலாம். ஊர் திரும்பியதும் முளை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று காட்டுங்கள். துணியைத் திருப்பி வைத்து, மறுநாளும் பாருங்கள். சுக்லா மேலே முளைகட்டியதும் இதே பயறைத்தான்.